பாம்புக்கடி: ஊர்க் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாம்புக்கடி பற்றிப் பேசுவதற்காக ஊர்க் கூட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எல்லோருக்கும் தேவையானவை, அப்புறம் கொஞ்சம் சிக்கலானவை. இந்த நிமிடம் உங்கள் வீட்டில் யாருக்காவது கடிபட்டிருந்தால் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றதெல்லாம் பிறகு.

1. பாம்பு கடிச்சதும் முதல்ல என்ன செய்யணும்?

பாம்பை விட்டு விலகி வாருங்கள். கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, "மருந்து இருக்கு, போயிடலாம்" என்று தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையோ காலோ அசையாதபடி ஒரு குச்சியை அணைகொடுத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருத்துவமனைதான். 108ஐ அழையுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் கிடைக்கிற காரிலோ ஆட்டோவிலோ போங்கள். பைக்தான் இருக்கிறது என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் அவரை உட்காரவைக்கலாம். நடக்க மட்டும் விடாதீர்கள், தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். வாந்தி எடுத்தால் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

2. கயிறு கட்டினா விஷம் மேல ஏறாதுன்னு எங்க தாத்தா காலத்துலேர்ந்து சொல்றாங்களே?

கட்டக் கூடாது. இறுக்கிக் கட்டினால் காலுக்குப் போகும் ரத்தம் நிற்கும். விஷத்தால் ஏற்கெனவே சேதமாகிக்கொண்டிருக்கும் சதை இன்னும் வேகமாக அழுகும். உயிர் பிழைத்தும் காலை இழப்பவர்களில் சிலர் பாம்பால் இழப்பதில்லை, கயிற்றால் இழக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கியிருந்த விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் போகும். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் அவிழ்ப்பார்.

பிளேடால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் இதே கணக்குதான். விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அந்த நிலையில் நீங்கள் போடும் கீறலிலிருந்து ரத்தம் நிற்காது. ஆஸ்திரேலியாவில் கால் முழுக்க எலாஸ்டிக் துணி சுற்றுகிறார்களே என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். அங்கே உள்ள பாம்புகளுக்கு அது சரி. இங்கே கடிக்கும் விரியனும் நல்ல பாம்பும் கடித்த இடத்துச் சதையையே அழிப்பவை. பயிற்சி இல்லாதவர் கையில் அந்தச் சுற்று இன்னொரு கயிறாக மாறிவிடும். அதனால் இந்திய நெறிமுறை அதைப் பரிந்துரைக்கவில்லை.

3. என்ன பாம்புன்னு தெரிஞ்சாத்தானே மருந்து? அடிச்சு எடுத்துட்டுப் போகணுமா?

வேண்டாம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. நல்ல பாம்பா கண்ணாடி விரியனா என்று தெரியாமலேயே, உடம்பில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அதை ஏற்ற முடியும். பாம்பைத் தேடிக் குச்சியோடு புதருக்குள் போகிறவர் இரண்டாவது நோயாளியாக வருவது நடக்கிறது. வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும், விஷத்தையும் செலுத்தும். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விடுங்கள்.

4. அந்த நாலு பாம்பு எவை? மத்ததெல்லாம் விஷம் இல்லையா?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி இந்த நான்கின் கணக்கில்தான் வருகிறது. காரணம், இவை மனிதர்கள் புழங்கும் இடத்திலேயே வாழ்கின்றன. கண்ணாடி விரியன் நெல் வயலிலும் வரப்பிலும் இருக்கும். பழுப்பு உடம்பில் சங்கிலி போல மூன்று வரிசைப் புள்ளிகள், பிரஷர் குக்கர் ஆவி விடுவது போன்ற உரத்த சீறல். சுருட்டை விரியன் சிறியது, வறண்ட நிலத்திலும் கற்குவியலிலும் கிடக்கும். உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசிச் சரசரவென்று ஒலி எழுப்பும். நல்ல பாம்பைப் படமெடுத்தால் எல்லோருக்கும் தெரியும், எடுக்காதபோது சாரை என்று நினைத்துவிடுவார்கள்.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, வெள்ளிக்கோல் வரையன் எல்லாம் விஷமற்றவை. பச்சைப் பாம்புக்கு லேசான விஷம் உண்டு, மனிதருக்கு ஆபத்தில்லை. கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் எனப்படுகிற கொம்பேறி மூக்கன் மரத்தில் பல்லியும் தவளையும் பிடித்துத் தின்னும் சாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ராஜநாகம் உண்டு, விஷம் கடுமையானது. ஆனால் மனிதரைக் கடிப்பது மிக அரிது.

5. கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இரண்டும் வீட்டுக்குள் வரும், இரண்டுக்கும் வெள்ளை வளையம் உண்டு, இரண்டும் இரவில்தான் வெளியே வரும். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்துப் பக்கத்தில் வளையங்கள் பட்டையாகத் தெரியும், வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் மங்கல், வால்பக்கம் தெளிவு, வளையங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். முதுகெலும்பின் மேல் வரிசையாக அறுகோணப் பெரிய செதில்கள் இருப்பது கட்டுவிரியனின் உறுதியான அடையாளம்.

இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் எப்போதும் உண்டு. டார்ச் வெளிச்சத்தில், பதற்றத்தில், ஓடும் பாம்பில் செதிலை எண்ண யாராலும் முடியாது. கடித்தது வெள்ளிக்கோல் வரையன்தான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்த முடிவை மருத்துவமனை எடுக்கட்டும்.

6. ராத்திரி ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு, வலி இல்லை, வீக்கம் இல்லை. காலையில பார்த்துக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைத்தான் அது அதிகம் கடிக்கிறது. எறும்போ பூச்சியோ என்று புரண்டு படுத்துவிடுவார். நடு இரவிலோ விடியற்காலையிலோ வயிற்று வலி வரும். அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் கண் இமை தானாகச் சரியும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

இது நடக்கக் காரணம், அந்த விஷத்தில் இருக்கும் புங்கரோடாக்சின் என்ற பொருள் நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. தசைக்குக் கட்டளை போகாது. சிதைந்த நுனியை எந்த மருந்தாலும் உடனே திரும்பக் கொண்டுவர முடியாது. அது தானாக வளர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை வெண்டிலேட்டர் அவருக்காக மூச்சு விடும். அந்த இயந்திரம் கிடைத்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார், கிடைக்காதவர் போவதில்லை. அசைவில்லாமல் கிடப்பவரை இறந்துவிட்டார் என்று நினைக்கவும் வேண்டாம், அவருக்கு நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது கேட்கலாம்.

மழைக்காலத்தில், தரையில் படுத்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுவதும் எளிய தடுப்பு. கொசுவலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

7. எங்க ஊர் வைத்தியர் வேர் கொடுத்து எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காரு. அது பொய்யா?

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் போன பலர் பிழைத்தது உண்மைதான். ஆனால் அவர்களில் எத்தனை பேரைக் கடித்தது விஷப்பாம்பு? நான்காவது பதிலில் சொன்ன சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தவர்கள் வேர் தின்றாலும் தின்னாவிட்டாலும் பிழைப்பார்கள். அதோடு, விஷப்பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. விஷம் இறங்காத கடி கணிசமாக உண்டு.

ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் உதவுகிறது. மருந்து கொடுத்த கூட்டத்தையும் கொடுக்காத கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் மருந்தால் பிழைத்தாரா, மருந்து இல்லாமலே பிழைத்திருப்பாரா என்பது தெரியும். பல தாவரச் சாறுகள் சோதனைக் குழாயில் விஷத்தின் சில பகுதிகளைத் தடுத்திருக்கின்றன. கடிபட்ட மனிதரைக் காப்பாற்றும் என்று இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை. வைத்தியர் ஊரின் மரியாதைக்குரியவர் என்றால் அவரிடமே பேசுங்கள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் நான் பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அது அதிகம் பேரைக் காப்பாற்றும்.

8. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தோம், ரத்தத்தை ஒரு குழாயில எடுத்து வெச்சுட்டுச் சும்மா இருக்காங்க. ஊசி ஏன் போடலை?

சும்மா இல்லை, அதுதான் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரு தடவை சாய்ப்பார்கள். ரத்தம் உறைந்து அடியில் ஒட்டியிருந்தால் இப்போதைக்கு உறைதல் சரியாக இருக்கிறது. தண்ணீராக வழிந்தால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள், உடனே விஷமுறிவு மருந்து தொடங்கும். மின்சாரம் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஆனால் குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில், அல்லது சோப்பு போட்டுக் கழுவிய குழாயில், நல்ல ரத்தமும் உறையாமல் போய்த் தவறான முடிவு வரும்.

முதல் முடிவு சரியாக இருந்தாலும் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், ஏனென்றால் விஷம் மெதுவாகவும் ஏறும். மருந்து போட்ட பிறகு 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உறைவதற்கான பொருட்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் தேவை. அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் மருந்து போடாமல் 24 மணி நேரம் கண்காணிப்பதுதான் சரியான சிகிச்சை. ஏன் என்பதை 11ஆம் பதிலில் பாருங்கள்.

9. பத்து பாட்டில் ஏத்தினாங்க. அவ்வளவு எதுக்கு? குழந்தைக்குப் பாதி போதாதா?

நம் மருந்தின் ஒரு மில்லி, நல்ல பாம்பு அல்லது கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். கட்டுவிரியனிலும் சுருட்டையிலும் 0.45 மில்லிகிராமை. ஒரு குப்பி 10 மில்லி. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்துக் குப்பி சேர்ந்தால் 60 மில்லிகிராமை முறிக்கும். 8 முதல் 10 குப்பியில் தொடங்குவதற்கு அடிப்படை இதுதான்.

குழந்தைக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. சிறிய உடம்பில் அதே விஷம் இன்னும் வேகமாக வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கும் மருந்தை மறுக்கக் கூடாது.

10. இந்த மருந்தை எப்படிச் செய்யறாங்க? குதிரை ரத்தம்ங்கிறது நிஜமா?

நிஜம். 1890களில் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் தொடங்கிவைத்த முறை இன்றும் அடிப்படையில் அதேதான். பாம்பு விஷத்தை மிகக் குறைந்த அளவில் குதிரைக்குச் செலுத்தி, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். குதிரையின் உடம்பு விஷத்தைப் பிடித்து முறிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, எதிர்ப்பொருளைச் சுத்தம் செய்து, உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்குவார்கள்.

இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்துதான் நாடு முழுவதும் போகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவானது. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபோது இருளர்களின் பிழைப்பும் நின்றது. பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேகர் அவர்களோடு சேர்ந்து, கொல்லாமல் விஷம் எடுத்து விற்கும் வழியைக் கண்டார். பிடித்த பாம்பை மணல் போட்ட மண்பானையில் விட்டு, பானையின் வாயைப் பருத்தித் துணியால் கட்டி வைப்பார்கள். சுமார் மூன்று வாரத்தில் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள்: மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளை விளிம்பில் பாம்பு கடிக்கும், மஞ்சள் துளி உள்ளே இறங்கும். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காமல் இருப்பதற்காக.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அங்குள்ள விஞ்ஞானிகள் அழைத்ததும் இவர்களைத்தான். மண்ணில் ஒரு கீறலைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவு இல்லாமல் நம் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. விஷ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்த அறிவுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

11. அந்த ஊசியே ஒத்துக்காம செத்துப்போறாங்களாமே?

குதிரைப் புரதம் நம் உடம்புக்கு அந்நியம். அதனால் சிலருக்கு அரிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். அறிகுறி இல்லாதவருக்கு மருந்தைப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் இந்த எதிர்வினைக்கு அட்ரினலின் என்ற மருந்து மருத்துவர் கைவசம் உண்டு. விஷத்துக்கு விஷமுறிவு மருந்தைத் தவிர வேறு இல்லை. தோலில் கொஞ்சம் குத்திப் பார்க்கும் பழைய டெஸ்ட் டோஸ் யாருக்கு ஒத்துக்காது என்பதைச் சொல்வதில்லை என்று தெரிந்ததால் கைவிடப்பட்டது.

இலங்கை மருத்துவர்கள் இதில் செய்த ஆய்வு உலகத்துக்கே பயன்பட்டது. 2011இல் வெளியான அந்த ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். விஷமுறிவு மருந்துக்கு முன்பே குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான எதிர்வினைகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தன.

12. இந்தியா முழுக்க ஒரே மருந்துன்னா, எல்லா ஊர்ப் பாம்புக்கும் சமமா வேலை செய்யுமா?

செய்யாது, இதுதான் இன்றைய பெரிய ஆராய்ச்சிக் கேள்வி. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து வடமேற்கு இந்தியப் பாம்பின் விஷத்தை அதே பலத்தோடு முறிப்பதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு பாம்புகளுக்கு வெளியே உள்ள விஷப்பாம்புகளுக்கும் இந்த மருந்து போதவில்லை என்று காட்டியது. வட்டாரத்துக்கு வட்டாரம் தனி மருந்து வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு வலுத்திருக்கிறது.

கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கித் துருத்திய ஒரு குழிவிரியன் உண்டு. இலங்கையில் மிக அதிகம் கடிப்பது அதுதான், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. இந்திய மருந்து அதற்கு வேலை செய்யாது. இலங்கை தன் தேவைக்கு இந்திய மருந்தையே இறக்குமதி செய்துவந்திருப்பதால் இந்தக் குறை அங்கே கூடுதலாக வலிக்கிறது. கடல் பாம்புக்கும் நம் மருந்து வேலை செய்யாது. வலையில் சிக்கிய கடல் பாம்பு கடித்த மீனவருக்குத் தசை சிதையும், சிறுநீர் கறுக்கும். டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். இதனால் "மருந்து பயனில்லை" என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கடிகளுக்கு நம் கையில் இருப்பதில் இதுதான் சிறந்தது.

13. வருஷத்துக்கு எத்தனை பேர் சாகறாங்க? பேப்பர்ல ஒண்ணு, நீங்க ஒண்ணு சொல்றீங்களே?

2020இல் வெளியான ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000. இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். மரணங்களில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில். மருத்துவமனைக் கணக்கு இதில் சிறு பங்குதான், ஏனென்றால் பலர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே கிராமத்தில் இறக்கிறார்கள். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், "கடைசியாக என்ன நடந்தது" என்று குடும்பத்தாரிடம் கேட்டு, அந்தப் பதிவை மருத்துவர்கள் படித்துக் காரணம் முடிவு செய்தார்கள். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மரணங்களை 2030க்குள் பாதியாக்க இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இனி அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்து சொல்ல வேண்டும். எந்த ஒன்றியத்தில் எந்த மாதம் கடி கூடுகிறது என்று தெரிந்தால்தான் குப்பிகளை அங்கே முன்கூட்டி அனுப்ப முடியும்.

14. எல்லாத்தையும் அடிச்சுக் கொன்னுட்டா பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. வயலில் எலியைத் தின்பது பாம்பு. எலி பெருகினால் நெல்லும் போகும், எலிக்காய்ச்சலும் வரும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்வது குற்றமும்கூட. வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை எட்ட நின்று, எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

15. வாசல்ல பினாயில் ஊத்தறோம், பூண்டு நசுக்கிப் போடறோம். வராதில்ல?

வரும். பாம்பு உங்கள் வீட்டுக்கு வருவது எலியையும் தவளையையும் தேடி, அல்லது வெள்ளத்தில் வளை மூழ்கியதால். தானியத்தை மூடி வையுங்கள், விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். வைக்கோலில் கைவிடும் முன் ஒரு குச்சியால் கிளறுங்கள். வயலில் கணுக்காலுக்கு மேல் வரும் செருப்போ பூட்ஸோ போட்டால் பெரும்பாலான கடி தவிர்ந்துவிடும். சேற்றில் நடவு நடும்போது பூட்ஸ் போட முடியாது என்று பெண்கள் சொல்வது நியாயம்தான். அறுவடைக்கும் களை எடுக்கவுமாவது போடுங்கள்.

16. மாத்திரையே வந்துடுச்சாமே சார், வாட்ஸ்அப்ல வந்துச்சு?

இன்னும் வரவில்லை, முயற்சி நடக்கிறது. வரெஸ்பிளாடிப் என்ற மருந்தை முன்பு இதய நோய்க்காகச் சோதித்துப் பார்த்தார்கள். பல பாம்பு விஷங்களில் இருக்கும் ஒரு முக்கிய நொதியை அது தடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்டவர்களிடம் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தார்கள். மொத்தத்தில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. கடிபட்டு 5 மணி நேரத்துக்குள் வாங்கியவர்களிடம் நம்பிக்கை தரும் அறிகுறி இருந்தது. வயல் வரப்பிலேயே முதல் மாத்திரை, பிறகு ஆஸ்பத்திரியில் முழுச் சிகிச்சை என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் குறிக்கோள்.

2024இல் அமெரிக்க விஞ்ஞானிகளும் பெங்களூருக் குழுவும் சேர்ந்து ஒரு செயற்கை எதிர்ப்பொருளைக் கண்டார்கள். நாகம், கட்டுவிரியன் வகை ஒன்று, ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா ஆகியவற்றின் நரம்பு விஷத்திலிருந்து அது எலிகளைக் காத்தது. 2025 ஜனவரியில், வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகம் கணினியில் வடிவமைத்த புரதங்களால் அதே வகை நரம்பு விஷத்தை எலிகளில் முறித்தது. குதிரை தேவையில்லை, விலையும் குறையலாம். ஆனால் இவை விரியன் விஷத்துக்கு விடை அல்ல, மனிதரில் சோதிக்கவும் இல்லை.

17. அதுக்காக எலியையும் குதிரையையும் கஷ்டப்படுத்தறது சரியா?

ஒரு எட்டாம் வகுப்பு மாணவி கேட்டது. சரியான கேள்வி. இன்றைக்கு ஒவ்வொரு தொகுதி மருந்தும் வேலை செய்கிறதா என்று எலிகளிடம்தான் பார்க்கிறார்கள். எலிகள் வலியோடு இறக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. குதிரைகளிடம் பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைத் திரும்ப உடம்புக்கே ஏற்றும் முறை அவற்றின் சுமையைக் குறைக்கிறது. சோதனைக் குழாயிலேயே முதல் வடிகட்டலைச் செய்துவிட்டு, தேறியதை மட்டும் எலிக்குக் கொண்டுபோகும் முறைகளும் வளர்கின்றன. 16இல் சொன்ன ஆராய்ச்சிகள் வெற்றி பெற்றால் குதிரைகளுக்கும் ஒருநாள் ஓய்வு கிடைக்கும். இன்றே நிறுத்தினால் கட்டுவிரியன் கடித்த குழந்தைக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இருக்காது.

18. பிழைச்சு வீட்டுக்கு வந்தாச்சு. இனி பயமில்லையே?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆனால் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் அது குதிரைப் புரதத்தின் தாமத விளைவு. மருத்துவரிடம் போனால் சரியாகும். கண்ணாடி விரியன் கடித்தவர்கள் சிறுநீரகத்தைச் சில மாதங்கள் கழித்தும் பரிசோதிக்க வேண்டும். அரிதாக அந்த விஷம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தாக்கி, தீராத சோர்வும் மாதவிலக்கு நின்றுபோவதுமாகப் பின்னால் தலைகாட்டும். பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம். இரவில் தூக்கம் வராமல் வயலுக்குப் போகவே பயப்படுபவர்களும் உண்டு, அதுவும் சிகிச்சைக்குரியதுதான்.

19. எங்க மலைக் கிராமத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும். நாங்க என்னதான் செய்யறது?

இதே நிலையில் இருந்த தென்கிழக்கு நேபாளத்துக் கிராமங்களில் மருத்துவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஊருக்குச் சில மோட்டார் சைக்கிள்காரர்களைச் சேர்த்து, கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து நேராகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுவரப் பழக்கினார்கள். முதலுதவி பற்றியும் ஊரில் சொல்லிக்கொடுத்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. கடிபட்டவர்களில் இறந்தவர்கள் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்ததை 2013இல் வெளியிட்டார்கள்.

உங்கள் ஊரில் இதை அடுத்த மழைக்கு முன்பே செய்யலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் யார் பணியில் இருப்பார் என்று இப்போதே கேளுங்கள். வெண்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள மிக அருகிலான மருத்துவமனை எது என்று தெரிந்துவையுங்கள். சுகாதார நிலையத்தில் முதல் குப்பிகளை ஏற்றிக்கொண்டே மேலே போவது பல நேரம் நல்லது. அதை அங்குள்ள மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள். இரவில் வண்டி எடுக்கச் சம்மதிப்பவர்களின் போன் எண்களை ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிக்னல் கிடைக்கும் மேடு எது என்பதையும் அதோடு எழுதுங்கள்.